சமாதானக் கல்வியைத் தனிப்பாடமாக்குவதா? கல்வியியற் கல்லூரிகளை முன்வைத்து ஒரு பதில்

பூசலை வன்முறையின்றித் தீர்க்கவும் மற்றச் சமூகத்தவரை மதித்து வாழவும் பழக்குவது சமாதானக் கல்வி. வருங்கால ஆசிரியர்களின் பயிற்சியில் அதைச் சேர்ப்பதாயின் அதைத் தனியொரு பாடமாக வைப்பதா, எல்லாப் பாடங்களுக்குள்ளும் கலந்துவிடுவதா, இலங்கையின் கல்வியியற் கல்லூரிகளில் இது உண்மையிலேயே நடக்கக்கூடிய காரியமா என்று, அண்மையில் விரிவுரையாளராகப் பொறுப்பேற்ற ஒருவர் கேட்டிருக்கிறார். ஆசிரியக் கல்வித் துறையில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனிப்பாடமாக மட்டும் வைத்தால் அது பரீட்சைக்கு மனனம் செய்யும் குறிப்பாகிவிடும். எல்லாவற்றிலும் கலந்துவிட்டோம் என்று சொன்னால் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் காணாமற் போய்விடும். ஆசிரிய மாணவர் ஒருவர் ஆசிரியராகவே இயங்கும் இடங்கள் சில உண்டு. கற்பித்தற் பயிற்சி, கட்டுறுபயில்வு (இறுதி ஆண்டில் பாடசாலையொன்றில் பணியாற்றிப் பயில்வது), விடுதி வாழ்க்கை, இரண்டாம் மொழி வகுப்பு, சர்ச்சைக்குரிய பாடத்தைக் கற்பிக்கும் வேளை ஆகியவையே அவை. சமாதானக் கல்வியை அங்கேதான் வைக்க வேண்டும். அவற்றுக்குத் துணையாக, சொற்களையும் கருத்துகளையும் அறிமுகப்படுத்தும் சிறிய தனிப்பகுதி ஒன்று இருந்தாற் போதும்.

இந்த நாட்டில் இது புதிய யோசனையன்று. 1990களின் தொடக்கத்திலேயே யுனிசெப் ஆதரவுடன் முரண்பாட்டுத் தீர்வுக்கான கல்வி என்ற திட்டம் இங்கு நடத்தப்பட்டது. பின்னர் ஜேர்மன் உதவியோடு சமூக ஒருமைப்பாட்டுக்கான கல்வித் திட்டமொன்று இயங்கியது. 2008 ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கையை வெளியிட்டது. கலைத்திட்டம், ஆசிரியக் கல்வி, இரண்டாம் தேசிய மொழி, இணைப்பாடவிதானம், பாடசாலைப் பண்பாடு, ஒருங்கிணைப்பு, ஆய்வு என ஏழு துறைகள் அதில் வகுக்கப்பட்டன. ஆசிரியக் கல்வி அங்கே இரண்டாவதாக நிற்பதைக் கவனியுங்கள். கொள்கை வகுத்தவர்கள் சரியான இடத்தில்தான் விரல் வைத்தார்கள். யுத்தம் முடிவதற்கு ஓராண்டு முன்னர், வன்னியில் மிக மோசமான நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஆவணம் வெளிவந்தது என்பதையும் மறக்க முடியாது. ஆவணத்தில் எழுதியதற்கும் வகுப்பறையில் நடந்ததற்கும் இடையே நான் கண்ட தூரத்தை வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கசப்பான உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்நாட்டின் முரண்பாட்டைக் கல்வி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதை வளர்த்த காரணங்களுள் கல்வியும் ஒன்று. 1956 ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் அரச உத்தியோகத்தின் வாயிலை மொழியால் அடைத்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த, பரீட்சைப் புள்ளிகளை மொழிமூலத்துக்கேற்பச் சரிக்கட்டிய தரப்படுத்தல் பல்கலைக்கழக அனுமதியை இனக் கசப்பின் களமாக மாற்றியது. யுனிசெப் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில் கென்னத் புஷ், டயானா சால்டரெல்லி ஆகிய இருவரும், இன முரண்பாட்டில் கல்விக்கு இரண்டு முகங்கள் உண்டென்று விளக்கினர். நல்லது செய்யும் அதே பாடசாலை, பிரித்துவைத்தும் ஒருதலையான வரலாற்றைப் புகட்டியும் பகையை வளர்க்கவும் கூடும் என்பது அவர்களது வாதம். ஆசிரிய மாணவர்களுக்குச் சமாதானக் கல்வியை அறிமுகம் செய்யும் முதல் வகுப்பில் நான் புறாவின் படத்தையோ மகாத்மா காந்தியின் படத்தையோ காட்டியதில்லை. தரப்படுத்தலைப் பற்றியே பேசினேன். தாம் நுழையப்போகும் தொழிலுக்கு இப்படியும் ஒரு வரலாறு இருக்கிறது என்று தெரிந்தபின் அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறாக இருந்தன.

கருத்துகளைப் பொறுத்தவரை அதிகம் சொல்லத் தேவையில்லை. நோர்வே நாட்டு அறிஞர் யொஹான் கல்டுங் 1960களில் முன்வைத்த வேறுபாடு ஒன்றை ஆசிரிய மாணவர் தெளிவாக விளங்கிக்கொண்டாற் போதும். துப்பாக்கிச் சத்தம் ஓய்வது எதிர்மறைச் சமாதானம். பூசலுக்குக் காரணமான அநீதி நீங்குவது நேர்மறைச் சமாதானம். சத்தமில்லாத வகுப்பறையே நல்ல வகுப்பறை என்று நம்பும் ஆசிரியருக்கு இந்த வேறுபாடு நேரடியாகப் பொருந்தும். பிரம்புக்கு அஞ்சி அமைதியாக இருக்கும் வகுப்பில் இருப்பது முதல் வகைச் சமாதானம் மட்டுமே. யுனெஸ்கோ 1974 ஆம் ஆண்டின் தனது பரிந்துரையை 2023 நவம்பரில் புதுப்பித்து, சமாதானத்தையும் மனித உரிமைகளையும் நிலைபேறான அபிவிருத்தியையும் ஒன்றாக இணைத்தது. உங்கள் பாடத்திட்டக் குழுவினர் சர்வதேச ஆதாரம் கேட்டால் அதை எடுத்துக்காட்டலாம்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். நாடெங்கும் 19 தேசிய கல்வியியற் கல்லூரிகள் உள்ளன. 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான இந்த அமைப்பில், ஆசிரிய மாணவர் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிக் கற்று, மூன்றாம் ஆண்டில் பாடசாலையொன்றில் கட்டுறுபயில்வு செய்து, கற்பித்தலில் தேசிய டிப்ளோமாவைப் பெறுகிறார். யாழ்ப்பாணக் கல்லூரி கோப்பாயிலும், மட்டக்களப்புக் கல்லூரி தாழங்குடாவிலும், மலையக ஆசிரியருக்கென ஜேர்மன் உதவியுடன் எழுந்த ஸ்ரீபாத கல்லூரி பத்தனையிலும் இருக்கின்றன. வவுனியாவிலும் அட்டாளைச்சேனையிலும் கல்லூரிகள் உண்டு. இவற்றில் சேரும் பிள்ளைகளுட் பெரும்பாலானோர் பதின்மூன்று ஆண்டுகள் தமிழ்மொழிமூலப் பாடசாலையில் தம் சமூகத்தவரோடு மட்டும் இருந்து படித்தவர்கள். நாட்டிலுள்ள ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளில் சிங்களத்திலும் தமிழிலும் சேர்ந்து கற்பிப்பவை மிகச் சிலவே. கல்லூரியிலும் அதே மொழிமூலம், பெரும்பாலும் அதே மாவட்டத்துப் பிள்ளைகள். பின்னர் நியமனம் பெற்றுச் செல்வதும் அதே வகைப் பாடசாலைக்கே. ஐந்து வயதில் தொடங்கும் பிரிவு அறுபது வயதில் ஓய்வுபெறும் வரை தொடர்கிறது. மற்றச் சமூகத்துச் சக ஆசிரியர் ஒருவரோடு ஒரு முழுப் பாடத்தைக் கூடச் சேர்ந்து திட்டமிடாமலேயே ஒருவர் தம் பணிக்காலத்தை முடித்துவிட முடியும். இப்படிப்பட்டவரிடம் "பன்மைத்துவத்தை மதிக்கும் மாணவரை உருவாக்குக" என்று ஆசிரியர் வழிகாட்டி கேட்கிறது.

வட அயர்லாந்து இதே சிக்கலை நமக்கு முன்னரே எதிர்கொண்டது. அங்கே பரஸ்பர விளங்கிக்கொள்ளலுக்கான கல்வி என்ற கருப்பொருளை 1989 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் எல்லாப் பாடசாலைகளுக்கும் கொண்டுவந்தது. 1992 முதல் அது கட்டாயமாயிற்று. நீங்கள் கேட்ட அதே முறைதான், தனிப்பாடமாக அல்லாமல் எல்லாப் பாடங்களிலும் கலந்து. பலன் மங்கலாகவே இருந்தது. போதிய பயிற்சி பெறாத ஆசிரியர் பலர் சமயத்தையும் அரசியலையும் தொடாமல், பொதுவான நற்பண்புகளைப் பேசிவிட்டு நகர்ந்தனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பெல்பாஸ்ட் நகரில் கத்தோலிக்க மரபிலிருந்து வந்த சென். மேரிஸ் கல்லூரியும், பெரிதும் புரட்டஸ்தாந்து சமூகத்தவர் பயிலும் ஸ்ட்ரான்மிலிஸ் கல்லூரியும் தனித்தனியாகவே ஆசிரியர்களை உருவாக்கிக்கொண்டிருந்தன. ஆசிரியர் பிரிந்து பயின்றுவிட்டுப் பிள்ளைகளை இணைக்க முயல்வது எத்தனை கடினமென்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் கல்லூரிகளை ஒன்றாக்கிவிடலாமா? இன்றைய மொழிமூல ஒழுங்கில் அது நடவாது. தமிழ்மொழிமூலக் கல்லூரிகள் தமிழ்க் கல்வியின் இருப்புக்குத் தரும் பாதுகாப்பை இழக்கவும் நான் உடன்படமாட்டேன். நடக்கக்கூடியது பரிமாற்றம். ஆனால் இதுவரை நாம் செய்துவந்த பரிமாற்றத்தை ஒருமுறை நேர்மையாகப் பார்க்க வேண்டும். மூன்று நாள் முகாம், ஒரே மேடையில் பொங்கலும் வெசாக் கூடும், குழு நடனம், சான்றிதழ், குழுப்படம். பிள்ளைகள் அழுதுகொண்டு பிரிவார்கள். சில மாதங்களில் எல்லாம் மறந்துவிடும். சமூகங்களுக்கிடையிலான தொடர்பு முற்சாய்வைக் குறைப்பதற்கு, சமமான நிலை, பொதுவான இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954 ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். நம் முகாம்களில் அதிகாரத்தின் ஆதரவு இருந்தது, பிரதம விருந்தினர் வடிவில். பொதுவான இலக்கு இருக்கவில்லை. நிகழ்ச்சி முழுதும் சிங்களத்தில் நடந்து, தமிழில் இடையிடையே சுருக்கம் சொல்லப்பட்ட இடங்களில் சமமான நிலையும் இருக்கவில்லை.

எனவே நான் பரிந்துரைப்பது இது. தமிழ்மொழிமூலக் கல்லூரியில் கணித ஆசிரியராகப் பயிலும் இருவரும் சிங்களமொழிமூலக் கல்லூரியில் அதே பாடம் பயிலும் இருவரும் ஒரு தவணைக் காலம் சேர்ந்து ஒரு வேலையை முடிக்கட்டும். ஆறாந்தரப் பிள்ளைக்குப் பின்னங்களை எப்படி விளக்குவது, எந்த இடத்தில் பிள்ளைகள் தவறுகிறார்கள், கற்றல் சாதனங்களை எப்படிச் செய்வது என்ற வேலை. சமாதானத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. இரு தரப்பினருக்கும் தேவையான ஒரு பொருளை இரு தரப்பினரும் சேர்ந்து செய்யும்போது பேச்சு தானாக வரும். அந்தப் பேச்சுக்கு மொழி வேண்டும் என்பதும் அப்போது தானாகத் தெரியவரும்.

மொழியைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்பின் தமிழும் அரசகரும மொழி. பாடசாலைகளில் சிங்களப் பிள்ளை தமிழையும் தமிழ்ப் பிள்ளை சிங்களத்தையும் இரண்டாம் தேசிய மொழியாகக் கற்க வேண்டும். நடைமுறையில் அந்தப் பாடவேளை, ஆசிரியர் இல்லாத வேளையாகவோ கணிதத்துக்குக் கடன் கொடுத்த வேளையாகவோ போய்விடுகிறது. கல்லூரியிலும் ஆசிரிய மாணவருக்கு அது கரைசேர வேண்டிய ஒரு வினாத்தாள் மட்டுமே. எழுத்தையும் இலக்கணத்தையும் முன்வைத்துக் கற்பிப்பதால், டிப்ளோமாவோடு வெளியேறும் ஒருவருக்குச் சிங்களப் பெற்றோர் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேச வராது. எனக்கு அதிகாரமிருந்தால் அந்த வினாத்தாளை நீக்கிவிட்டு, வாய்மொழிப் பரீட்சை ஒன்றை மட்டும் வைப்பேன்: பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்லுதல், மற்ற மொழிப் பாடசாலையின் அதிபரிடம் விளையாட்டுத் திடலை இரவல் கேட்டல். இவ்வளவும் வந்தால் போதும்.

அடுத்து, சர்ச்சைக்குரிய பாடம். வரலாறு நம் பாடசாலைகளில் சாதாரண தரம் வரை கட்டாயப் பாடம். அதில் தமிழ் மன்னன் எல்லாளன், அவனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு ஆகியோரின் கதை எல்லா மொழிமூலங்களிலும் வருகிறது. வரலாறு கற்பிக்கப் பயிலும் தமிழ் மாணவர் பலர் இந்தப் பாடத்தை வேகமாக வாசித்துக் கடந்துவிடுவதைக் கற்பித்தற் பயிற்சி மேற்பார்வையில் பலமுறை கண்டிருக்கிறேன். தோற்றுப்போன தமிழ் மன்னனின் கதையை ஏன் விரிப்பது என்ற கூச்சம் ஒருபுறம், பேசினால் வம்பு என்ற அச்சம் மறுபுறம். ஆனால் மகாவம்சம் சொல்வதை முழுமையாக எடுத்துப் பாருங்கள். சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன் அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்டான் என்றும், நண்பருக்கும் பகைவருக்கும் ஒரே நீதி வழங்கினான் என்றும் அந்தப் பௌத்த வரலாற்று நூலே கூறுகிறது. அவனுடைய மகன் தேரை ஓட்டிச் சென்று கன்றைக் கொன்றதும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்ததும், மன்னன் தன் மகனுக்கு அதே தேர்ச்சக்கரத்தால் தண்டனை வழங்கியதும் அதில் உண்டு. திருவாரூர் மனுநீதிச் சோழனின் கதையாக நம் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த அதே கதை, பாளி மொழியில், மற்றச் சமூகம் தன்னுடையதென்று கொண்டாடும் நூலில் இருக்கிறது. துட்டகைமுனு நகரின் தெற்கு வாயிலருகே தனிப்போரில் எல்லாளனைக் கொன்றபின், அந்த இடத்திலேயே தகனம் செய்து, நினைவிடம் எழுப்பி, அதைக் கடந்து செல்வோர் வாத்தியங்களை நிறுத்த வேண்டுமென்று பணித்தான் என்பதும் அதில் உள்ளது.

இந்தப் பாடத்தை ஆசிரிய மாணவர் இருமுறை கற்பித்துக் காட்ட வேண்டும் என்று நான் பணிப்பதுண்டு. முதல் முறை பாடநூலில் உள்ளவாறே. இரண்டாம் முறை ஒரேயொரு கேள்வியை மையமாக வைத்து: வென்றவன் ஏன் வாத்தியத்தை நிறுத்தச் சொன்னான்? ஏழாந்தரப் பிள்ளைகள் இந்தக் கேள்விக்குத் தரும் விடைகள் விரிவுரையாளரையே வியக்கவைக்கும். ஆனால் இத்தோடு நிறுத்திவிட்டால் நாமும் இனிப்புப் பூசிய வரலாற்றைக் கொடுத்தவர்களாகிவிடுவோம். அதே நூலில், போரில் இத்தனை பேரைக் கொன்றோமே என்று வருந்திய மன்னனை அரகதர்கள் (ஞானம் பெற்ற பௌத்த துறவிகள்) தேற்றும்போது, இறந்தவர்களுள் மனிதராகக் கணிக்கத்தக்கோர் ஒன்றரைப் பேர் மட்டுமே என்று சொன்ன பகுதியும் உண்டு. பிள்ளைகளுக்கு அது வேண்டியதில்லை. ஆசிரிய மாணவர் அதைத் தெரிந்திருக்க வேண்டும். பகைவனை மதித்த பகுதியும் பகைவனை மனிதக் கணக்கிலிருந்து நீக்கிய பகுதியும் ஒரே நூலுக்குள் இருக்கின்றன என்று அறிந்த ஆசிரியர், எந்த நூலையும் முழுப் பகையாகவோ முழுப் புனிதமாகவோ காணமாட்டார். இந்த ஒரு பாடத்தைச் சரியாகச் செய்ய எனக்கு ஆறு மணித்தியாலம் வேண்டியிருந்தது. சமாதானத்தின் வரைவிலக்கணங்களுக்குச் செலவிடும் நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

தமிழ்மொழிமூலக் கல்லூரிகளில் ஒரு வசதியான தப்பித்தல் உண்டு. சமாதானம் என்றதும் சிங்களவருக்கும் நமக்கும் இடையிலுள்ளதை மட்டுமே பேசுவது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதைப் பேச வேண்டிய இடம் சிங்களக் கல்லூரியன்று, நம்முடையதே. தாம் கற்பிக்கப்போகும் பாடசாலையிலேயே திரும்பிவந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், அதில் எந்தப் பங்குமில்லாத முஸ்லிம் பிள்ளைகள் வகுப்பறைகளில் எப்படிப் பார்க்கப்பட்டனர் என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும். மலையகத்திலிருந்து வந்த பிள்ளையின் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் ஆசிரியர், சாதி பார்த்து வகுப்புத் தலைவரைத் தெரிவு செய்யும் ஆசிரியர், இவர்களும் நம் கல்லூரிகளிலிருந்து வெளியேறியவர்களே. ஒருமுறை வகுப்பில் இதைப் பேசியபோது ஆசிரிய மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, எங்கட பாடசாலையில தண்ணி குடிக்கிற கோப்பை வேற வேறயா இருந்தது" என்றார். அதற்குப் பின் இருபது நிமிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிரம்பைப் பற்றிப் பேசாமல் சமாதானக் கல்வியைப் பேசுவது ஏட்டுச் சுரைக்காய். உடற்தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 2016 இல் மீண்டும் ஒன்று வந்தது. கட்டுறுபயில்வுக்குச் செல்லும் ஆசிரிய மாணவர் முதல் வாரத்தில் காண்பது, மூத்த ஆசிரியரின் மேசையிலுள்ள பிரம்பு. கல்லூரியில், நல்ல நடத்தையைப் பாராட்டி வளர்க்கச் சொல்லும் மீளவலியுறுத்தல் கோட்பாட்டைப் படித்தவருக்கு, இறுதிப் பாடவேளையில் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இருவர் அடிபட்டுக்கொண்டால் அடுத்த நிமிடம் வாயில் வர வேண்டிய முதல் வாக்கியம் எது என்று தெரியாது. தெரியாததால் பிரம்பை எடுக்கிறார். கோட்பாட்டின்மேல் அவருக்கு நம்பிக்கையில்லை என்பதல்ல. கைவசம் வேறு எதுவும் இல்லை.

ஆகவே இதை ஒத்திகை பார்க்க வேண்டும். நாடகத்துக்குப் பார்ப்பதுபோலவே. கொம்பாஸ் பெட்டியை ஒருவன் உடைத்துவிட்டான், மற்றவன் அறைந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரிய மாணவர் இருவரையும் பிரித்து, குரலை உயர்த்தாமல், என்ன நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, அதைச் சரிசெய்ய ஒவ்வொருவரும் என்ன செய்யலாம் என்று கேட்டு, மிகுதி வகுப்புக்கு அதற்கிடையில் ஒரு வேலையையும் கொடுத்துவிட வேண்டும். நான்கு நிமிடங்களுக்குள். முதல் தடவையில் எவராலும் முடியாது. பத்தாம் தடவையில் நாக்குப் பழகிவிடும். வட்டாரி பிடிக்கவும் கரும்பலகையில் நேராக எழுதவும் பயிற்சி கொடுக்கும் நாம், தினமும் நடக்கும் இந்த வேலைக்கு மட்டும் பயிற்சி கொடுப்பதில்லை.

ஜிக்சோ குழுமுறையைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பு. நம் கற்பித்தல் முறைகள் பாடத்தில் அது கட்டாயம் வரும். நன்மைகள் ஐந்து, தீமைகள் மூன்று என்று எழுதிவைத்திருப்போம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரில், கறுப்பின, மெக்சிக்க வம்சாவளி, வெள்ளையினப் பிள்ளைகள் முதன்முறை ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டுப் பகை வெடித்த 1971 ஆம் ஆண்டில், எலியட் அரொன்சன் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை அது. ஒவ்வொரு பிள்ளையிடமும் பாடத்தின் ஒரு துண்டு மட்டும் இருக்கும். மற்றவனைக் கவனித்துக் கேட்காமல் பாடம் முழுமையாகாது. அந்தப் பின்னணியை நீக்கிவிட்டு அதை வெறும் உத்தியாக நாம் கற்பித்து வந்திருக்கிறோம். சமாதானக் கல்வி ஏற்கெனவே பாடத்திட்டத்துக்குள் இருக்கிறது, பெயர்ப்பலகை மட்டும் கழன்று விழுந்துவிட்டது என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றுவதுண்டு.

விடுதியைப் பற்றிச் சொல்வதற்கு எனக்குத் தயக்கமுண்டு. ஆனாலும் சொல்ல வேண்டும். பகிடிவதையைத் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இருந்தும், புதிய தொகுதி வந்து சேரும் முதல் வாரங்களில் இரவில் நடப்பதை விரிவுரையாளர் பலர் அறிந்தும் அறியாதவர்போல் இருந்த நாட்களை நான் கண்டிருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படி இருந்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கு முரண்பாட்டுத் தீர்வு பற்றி விரிவுரை கேட்கும் பிள்ளை, முந்திய இரவு முழந்தாளில் நின்றிருந்தால், அந்த இரவில் கற்றதைத்தான் தன் வகுப்பறைக்குக் கொண்டுபோகும். கல்லூரியின் அன்றாட ஒழுங்கே, பெயர் எழுதப்படாத முதற்பாடம்.

ஆசிரிய மாணவரின் சொந்தத் துயரத்தையும் கணக்கிலெடுக்க வேண்டும். இன்று கல்லூரிக்கு வரும் தொகுதியினர் 2009 மே மாதத்தில் சிறு குழந்தைகள். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு (ஒரு சமூகமே சேர்ந்து சுமக்கும் மனக்காயம்) என்று விளக்கியது, இவர்களின் வீடுகளில் நினைவாகவும் மௌனமாகவும் தொடர்கிறது. சமாதானக் கல்விப் பட்டறைகளில் "உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்" என்று வட்டமாக அமரவைக்கும் வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. பயிற்சிபெற்ற உளவளத்துணையாளர் அருகிலில்லாமல் அதைச் செய்யாதீர்கள். காயத்தைத் திறக்கவைத்துவிட்டு நான்கு மணிக்குத் தேநீர் கொடுத்து அனுப்புவது கொடுமை. அதேபோல, சில நினைவுகளைப் பொதுவெளியில் பேசுவது ஆசிரியரையும் பிள்ளைகளையும் தொல்லைக்குள்ளாக்கக்கூடிய சூழல் இன்னும் முற்றாக நீங்கவில்லை. எதைப் பேசுவது, எங்கே நிறுத்துவது என்ற தீர்மானம் ஆசிரிய மாணவருடையதாக இருக்கட்டும். தம் கருத்தை வகுப்பின்மேல் திணியாமல், கேள்வியைத் திறந்து வைக்கும் திறனே அவருக்குத் தேவையான காப்பு.

இவ்வளவும் செய்தாலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அரச பாடசாலைகளுக்கு ஆசிரியர் எல்லோரும் கல்வியியற் கல்லூரி வழியாக வருவதில்லை. பட்டதாரிகள் நேரடியாக நியமனம் பெற்று, சில ஆண்டுகள் கற்பித்தபின்னரே பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைச் செய்கிறார்கள். அதற்குள் அவர்களின் கை பழக்கமாகிவிடுகிறது. அந்த டிப்ளோமாவில் இதைச் சேர்க்காமல் கல்வியியற் கல்லூரியில் மட்டும் சேர்த்தால், ஆரம்பப் பிரிவில் ஒருவிதமும் உயர்தர வகுப்பில் வேறுவிதமும் என்று பாடசாலைகள் இரண்டாகப் பிரியும். இன்னொரு தடை நாமே. விரிவுரையாளராகிய நாமும் அதே பிரிந்த பாடசாலைகளில் படித்து, அதே பிரம்பின் கீழ் வளர்ந்தவர்கள். ஆசிரிய மாணவருக்குச் செய்யும் முன், அந்த எல்லாளன் பாடத்தையும் கொம்பாஸ் பெட்டி ஒத்திகையையும் விரிவுரையாளர் அறையில் ஒருமுறை செய்து பாருங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பதே உங்களுக்குச் சில விடயங்களைத் தெரிவிக்கும்.

மதிப்பீட்டைப் பற்றிக் கடைசியாக. "சமாதானத்தின் முக்கியத்துவத்தை விளக்குக" என்று வினாத்தாள் கேட்டால், பரீட்சகர் விரும்பும் விடையை எழுதத் தெரியாத பிள்ளை நம் நாட்டில் இல்லை. மனப்பாங்குக்குப் புள்ளி கொடுக்க முடியாது. நடத்தையை அவதானிக்க முடியும். கற்பித்தற் பயிற்சி மேற்பார்வைப் படிவத்தில், பாட அறிமுகம், கரும்பலகைப் பயன்பாடு, நேர முகாமைத்துவம் என்றெல்லாம் நிரல்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் கீழே நீங்களாகவே நான்கு வரிகளைச் சேர்க்கலாம், யாருடைய சுற்றறிக்கையும் தேவையில்லை. இந்தப் பாடவேளையில் எந்தெந்தப் பிள்ளைகளின் பெயர் சொல்லி அழைக்கப்பட்டது, எவரும் அழைக்காமல் விடப்பட்ட பிள்ளை யார்? தவறான விடை சொன்ன பிள்ளைக்கு ஆசிரியர் சொன்ன முதல் வாக்கியம் எது? பூசல் வந்ததா, வந்திருந்தால் எத்தனை நிமிடத்தில், எந்தச் சொற்களால் தீர்ந்தது? பின்வரிசையில் இருந்தவர்கள் யார்?

இந்த விடைகளுக்குப் புள்ளியிடாமல், திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். ஆசிரிய மாணவரும் தம் பக்கத்துக் குறிப்பை அதில் எழுதட்டும். இரண்டாம் ஆண்டின் முடிவில் அந்தக் கொப்பியைக் கோப்பில் வைத்துப் பூட்டாமல் அவரிடமே கொடுத்து அனுப்புங்கள். கட்டுறுபயில்வின் முதல் மாதத்தில், மூத்த ஆசிரியரின் மேசையிலுள்ள பிரம்பைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒரு மாலையில், அவர் அதைப் புரட்டிப் பார்ப்பார்.